தேர்ந்தெடுப்பது பெட்டியா, கருவியா?

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணி என்றால், சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் அம்மாவை அழைக்கும் நேரம் என்று பொருள். அங்கே அப்போது மணி பத்தரை. வேலை முடிந்து, சாப்பிட்டு, படுக்கப் போகுமுன் அம்மாவின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அம்மா இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கையில்தான் இருக்கிறார்கள். பின்னறையில் அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் டேப் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு சில மாதங்கள் இந்த எட்டு மணி எங்களுக்குச் சோதனை நேரமாக மாறியது. அண்ணனின் முகம் எங்களுக்கு நன்றாகவே தெரியும். குரலும் தெளிவாகக் கேட்கும். ஆனால் அவருக்கோ அம்மா பாதி வார்த்தையில் அப்படியே உறைந்து போவார்கள். "அம்மா அசையவே இல்லையே, என்ன ஆச்சு?" என்று அங்கிருந்து பதறுவார். படுத்த படுக்கையாக இருக்கும் தாயின் முகம் திரையில் அசையாமல் நின்றுவிட்டால், கடல் கடந்து இருக்கும் மகனின் மனம் என்ன பாடுபடும் என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

இத்தனைக்கும் வீட்டில் வைஃபை குறைவில்லை. முன்கூடத்தில் ஒரு பெட்டி, அம்மாவின் அறையில் ஒரு பெட்டி, மாடியில் ஒரு பெட்டி என்று மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் அமைப்பு. அம்மாவின் கட்டிலுக்கும் அந்த அறைப் பெட்டிக்கும் ஆறடி தூரம்கூட இல்லை. பார்க்க வந்த தொழில்நுட்ப ஊழியர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "டேப் பழசு டீச்சர், மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புது டேப் வாங்கக் கடைக்குக் கிளம்புமுன், கைபேசியிலுள்ள மெஷ் செயலியைத் திறந்து, எந்தக் கருவி எந்தப் பெட்டியுடன் இணைந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தேன். ஆறடி தூரத்தில் இருந்த பெட்டியை விட்டுவிட்டு, மூன்று சுவர்களுக்கு அப்பால் முன்கூடத்தில் இருந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது எங்கள் டேப்!

அது ஏன் என்று தேடப் போனதில் நான் கற்றுக்கொண்டதை மாணவியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவியருக்கு இதில் கொஞ்சம் மடக்கைக் கணக்கும் உண்டு; பயப்பட வேண்டாம்.

மெஷ் என்றால் வலை. பல பெட்டிகள் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் இயங்கும். நம் கைபேசியில் ஒரே ஒரு பெயர்தான் தெரியும். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒவ்வொரு பெட்டிக்கும், அதிலுள்ள ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனி முகவரி இருக்கிறது. காலைக் கூட்டத்தில் ஒரே சீருடையில் நிற்கும் பிள்ளைகள் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருக்கிறது அல்லவா? அதுபோல. ஒவ்வொரு பெட்டியும் தன் முகவரியைச் சொல்லி, வினாடிக்கு ஏறக்குறைய 10 தடவை, "நான் இங்கே இருக்கிறேன்" என்று காற்றில் அறிவித்துக்கொண்டே இருக்கும். கைபேசி, டேப், தொலைக்காட்சி முதலிய கருவிகள் அவற்றைக் கேட்டு, ஏதேனும் ஒன்றுடன் சேர்ந்துகொள்ளும்.

இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எந்தப் பெட்டியில் சேர வேண்டும் என்று மெஷ் அமைப்பே கருவிக்குக் கட்டளையிடும் என்று எண்ணியிருந்தேன். கைபேசிக் கோபுரங்களின் கதை அப்படித்தான். பேருந்தில் பேசிக்கொண்டே போகும்போது, நம் கைபேசி சுற்றியுள்ள கோபுரங்களின் வலிமையை அளந்து சொல்லும். "இனி அந்தக் கோபுரத்துக்குப் போ" என்று உத்தரவிடுவது கைபேசி நிறுவனத்தின் அமைப்பு. வைஃபையின் கதை வேறு. அதற்கு அடிப்படையான 802.11 என்ற விதித்தொகுப்பு முதன்முதலில் 1997இல் வெளிவந்தது. அந்த விதிகளின்படி எந்தப் பெட்டியுடன் சேர்வது, எப்போது விட்டு விலகுவது, அடுத்து எங்கே போவது என்று முடிவு செய்வது கருவிதான். பெட்டி யோசனை சொல்லலாம், கேட்டுக்கொள்ளலாம், கதவைச் சாத்தலாம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக அதனால் முடியாது.

சரி, கருவிக்குத்தான் உரிமை என்றால், பக்கத்தில் இருக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? அதற்கு ஒரு தடை இருக்கிறது. வேறு பெட்டிகளைத் தேடுவதற்குக் கருவி, நடந்துகொண்டிருக்கும் பேச்சைக் கணநேரம் நிறுத்திவிட்டு மற்ற அலைவரிசைகளைக் கேட்க வேண்டும். அதற்கு மின்கலமும் செலவாகும். ஆகவே இருக்கும் தொடர்பு ஓரளவு நன்றாக இருக்கும்வரை அது தேடுவதே இல்லை.

எந்த அளவு? இங்கேதான் கணக்கு வருகிறது. வைஃபை அலையின் வலிமையை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். 1 மில்லிவாட் என்பது 0 டிபிஎம். அதில் பத்தில் ஒரு பங்கு -10. நூறில் ஒரு பங்கு -20. இப்படியே போனால் -70 டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டில் ஒரு கோடியில் ஒரு பங்கு! அவ்வளவு சிறிய ஆற்றலைக் கொண்டு முகமும் குரலும் வந்து சேர்கின்றன என்பதை ஒவ்வொரு முறை வகுப்பில் சொல்லும்போதும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. கழித்தல் குறியை மறந்துவிடாதீர்கள்: -45 வலிமையானது, -70 மெலிந்தது.

ஐபோன், ஐபாடுகளுக்கு ஆப்பிள் நிறுவனம் வெளியிட்டுள்ள கணக்கு இது. இணைந்திருக்கும் பெட்டியின் வலிமை -70 டிபிஎம்முக்குக் கீழே போனால்தான் அவை வேறு பெட்டியைத் தேடத் தொடங்கும். தேடிக் கண்டுபிடித்த பெட்டியும் சும்மா கொஞ்சம் நன்றாக இருந்தால் போதாது. தரவு போய்வந்துகொண்டிருக்கும்போது 8 டெசிபெல், சும்மா இருக்கும்போது 12 டெசிபெல் கூடுதலாக இருக்க வேண்டும். 8 டெசிபெல் என்றால் ஏறக்குறைய ஆறு மடங்கு. 12 என்றால் ஏறக்குறைய பதினாறு மடங்கு. மற்ற நிறுவனங்களின் கருவிகளுக்கு எண்கள் மாறும். ஆனால் ஓர் எல்லை வைத்திருப்பது பொதுவான வழக்கம். அற்பக் காரணத்துக்காக அடிக்கடி இடம் மாறக் கூடாது என்பதற்காக வைத்த விதி இது. நல்ல விதிதான். ஆனால் எங்கள் டேப்பின் இடத்தில் வைத்து அளந்தபோது முன்கூடத்துப் பெட்டி -66 காட்டியது. அதாவது, மோசம், ஆனால் தேடும் அளவுக்கு மோசமில்லை! ஆறடியில் -40க்கு ஒரு பெட்டி கத்திக்கொண்டிருந்தும் டேப் காது கொடுக்கவில்லை. இப்படி விடாமல் ஒட்டிக்கொள்ளும் கருவியை இத்துறையினர் 'ஒட்டிக்கொண்ட கருவி' என்றே சொல்கிறார்கள்.

அண்ணனுக்கு மட்டும் படம் உறைந்ததன் காரணமும் இதில் அடங்கியிருந்தது. பெட்டி சுவர் மின்சாரத்தில் இயங்குவது, உரத்துப் பேசும். டேப் மின்கலத்தை மிச்சம் பிடிக்க வேண்டியது, மெல்லப் பேசும். முன்கூடத்துப் பெட்டியின் குரல் மூன்று சுவர்களைத் தாண்டி டேப்புக்குக் கேட்டது. ஆகவே அண்ணன் எங்களிடம் வந்து சேர்ந்தார். டேப்பின் குரல் அதே மூன்று சுவர்களைத் தாண்டிப் பெட்டிக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆகவே அம்மா அவரிடம் போய்ச் சேரவில்லை. திரையில் தெரியும் வைஃபை கோடுகள் பெட்டியின் குரல் நமக்கு எப்படிக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும். நம் குரல் அங்கே எப்படிக் கேட்கிறது என்பதை அவை காட்டுவதில்லை.

கேடு டேப்போடும் நிற்பதில்லை. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். 300 மெகாபிட் வேகத்தில் பேசும் கருவி ஒரு நொடியில் சொல்லி முடிப்பதை, தூரத்திலிருந்து 6 மெகாபிட் வேகத்தில் தட்டுத் தடுமாறிப் பேசும் கருவி சொல்லி முடிக்க 50 நொடிகள் ஆகும். அதுவரை அதே அலைவரிசையில் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். எட்டு மணிக்கு முன்கூடத்தில் பாடம் கேட்டுக்கொண்டிருந்த என் அண்ணன் மகள், "அத்தை, நெட் ஸ்லோ" என்று தினமும் குறைப்பட்டதன் மர்மமும் அன்று விளங்கியது.

டேப் முதலில் ஏன் முன்கூடத்துக்குப் போயிற்று? மின்வெட்டுதான் காரணம். மின்சாரம் போனால் மூன்று பெட்டிகளும் அணைந்துவிடும். டேப் மின்கலத்தில் விழித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் திரும்பியதும் முன்கூடத்துத் தலைமைப் பெட்டி முதலில் எழுந்து நிற்கும். மற்ற இரண்டும் எழுந்து, தலைமைப் பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து, தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு வேலை தொடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியில் டேப்புக்குக் கிடைப்பது முன்கூடத்துப் பெட்டி ஒன்றுதான். பிடித்துக்கொள்ளும். பிறகு -66இல் திருப்தியடைந்து அங்கேயே தங்கிவிடும். தொலைக்காட்சிக்கும், வாசல் கேமராவுக்கும், பிரிண்டருக்கும் இதே கதைதான். கைபேசியாவது நம் கையோடு நடந்து, தொடர்பு மெலிந்து, வேறு பெட்டியைத் தேட நேரிடும். நகராத கருவிக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இதற்கு மிக எளிய மருந்து, செலவில்லாத மருந்து ஒன்று உண்டு: கருவியின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுவது. புதிதாகச் சேரும்போது அது எல்லாப் பெட்டிகளையும் கேட்டுவிட்டுப் பெரும்பாலும் வலிமையானதையே தேர்ந்தெடுக்கும். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாரம் நன்றாக நடந்தது. ஆனால் வெயில் காலத்தில் நாளுக்கு இரண்டு தடவை மின்சாரம் போகும் ஊரில் இதையே நம்பியிருக்க முடியாது. பெட்டிகளை இன்வர்ட்டர் இணைப்பில் சேர்த்துவிட்டால் அவை அணைவதே இல்லை. பிரச்சினையின் வேர் அங்கேயே அறுந்துவிடும். வீட்டில் இன்வர்ட்டர் இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் முன்கூடத்துப் பெட்டி மட்டும் இன்வர்ட்டரில் இருந்தது. அது தவறாகவே முடிந்தது என்பதை இப்போது நீங்களே கண்டுகொண்டிருப்பீர்கள்.

இனிப் பெட்டியின் பக்கத்திலிருந்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

யோசனை சொல்வதற்கென்று 802.11 விதிகளில் பிற்பாடு சில பகுதிகள் சேர்க்கப்பட்டன. 2008இல் வந்த 'கே' என்ற பகுதியின்படி, அக்கம்பக்கத்துப் பெட்டிகளின் பட்டியலைப் பெட்டியே கருவிக்குக் கொடுக்கும். கருவி வீணாக எல்லா அலைவரிசைகளையும் துழாவ வேண்டியதில்லை. அதே ஆண்டின் 'ஆர்', பெட்டி மாறும்போது கடவுச்சொல் சரிபார்ப்பைச் சுருக்கி மாற்றத்தை விரைவாக்குகிறது. 2011இல் வந்த 'வி', "நீ அந்தப் பெட்டிக்குப் போனால் நல்லது" என்று கருவியைக் கேட்டுக்கொள்ள வழி செய்தது. கேட்டுக்கொள்ளத்தான்! ஏற்பதும் மறுப்பதும் கருவியின் விருப்பம். இந்த மொழியே தெரியாத பழைய கருவிகளும் உண்டு. சில பழைய பிரிண்டர்கள் 'ஆர்' இயங்கும் வலையில் சேரவே மறுக்கும். திடீரென்று பிரிண்டர் காணாமல் போனால் அதையும் சந்தேகிக்கலாம்.

அடுத்தது கதவைச் சாத்துவது. ஒரு கருவியின் குரல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே மெலிந்தால், பெட்டி தானே தொடர்பைத் துண்டித்துவிடும். ஏசஸ் ரூட்டர்களில் இதற்கான அமைப்பு இருக்கிறது. எல்லை எண்ணை நாமே மாற்றலாம். கருவி வேறு வழியின்றி மறுபடி தேடும். ஆனால் இதில் கை தாராளமாகப் போகக் கூடாது. எல்லையை -60 என்று வைத்தால், வேறு பெட்டி எட்டாத மூலையில், உதாரணமாகக் கொல்லைப்புறத்தில் நிற்பவரின் கைபேசி, சேர்வதும் துரத்தப்படுவதுமாக அல்லாடும். முன்பாவது மெதுவாக வந்தது; இப்போது வரவே வராது.

மூன்றாவது, பூட்டு. இன்ன கருவி இன்ன பெட்டியில் மட்டும் சேரலாம் என்று செயலியில் குறித்துவிடுவது. மற்றப் பெட்டிகள் அக்கருவியை ஏற்க மறுத்துவிடும். ஏசஸ், யூனிஃபை ஆகியவற்றில் இப்படிக் கட்டிவைக்க வழி உண்டு. டிபி-லிங்க் டெக்கோவில் ஒரு கருவிக்கு மட்டும் மெஷ் தொழில்நுட்பத்தை அணைத்துவிட்டால், அதை அங்கும் இங்கும் தள்ளாமல் இருந்த இடத்திலேயே விட்டுவிடும். வேறு சில அமைப்புகளில் இவ்வாறு செய்ய இடமே வைப்பதில்லை. "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது அவர்கள் கொள்கை. வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நகராத கருவிகளுக்கு மட்டுமே பூட்டு ஏற்றது. கைபேசியைப் பூட்டினால், மாடிக்குப் போனாலும் அது கீழ்ப்பெட்டியையே நம்பியிருக்க நேரிடும்.

பூட்டில் ஒரு நுணுக்கம். பெட்டி கருவியை அடையாளம் காண்பது அதன் வன்பொருள் முகவரியைக் கொண்டு. ஆனால் 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், யாரும் நம்மைப் பின்தொடராதிருக்கக் கைபேசிகள் மெய்யான முகவரியை மறைத்து, வலைக்கு ஒன்றாகப் புனைமுகவரி கொடுக்கின்றன. அது மாறிவிட்டால் பெட்டிக்கு அது புதிய ஆள், பூட்டு செல்லாது. பூட்டப்போகும் கருவியில், வீட்டு வலைக்கு மட்டும் இந்த மறைப்பை அணைத்துவிட வேண்டும்.

பூட்டுக்குப் போகுமுன் இன்னும் ஒன்றைச் சோதிக்கச் சொல்வேன். பக்கத்துப் பெட்டி உண்மையிலேயே சிறந்ததா? அறைப் பெட்டி இணையத்தைத் தானே உண்டாக்குவதில்லை. முன்கூடத்துப் பெட்டியிடமிருந்து வாங்கிக் கொடுக்கிறது. காற்றின் வழியே வாங்கிக் கொடுத்தால், அதே அலைவரிசையில் ஒரு தடவை வாங்கவும் ஒரு தடவை கொடுக்கவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அறைப் பெட்டியே முன்கூடத்தோடு மெலிந்த தொடர்பில் இருந்தால், திரையில் கோடுகள் நிறைந்திருக்கும், படம் நகராது. அப்படிப்பட்ட வீட்டில் தூரப் பெட்டியைப் பிடித்த கருவி புத்திசாலி! எங்கள் மாடிப் பெட்டியின் நிலை அதுதான். ஆகவே அங்குள்ள கருவிகளை நான் தொடவில்லை.

அம்மாவின் அறைக்கு மட்டும் முன்கூடத்திலிருந்து ஈதர்நெட் கம்பி இழுத்தோம். இரும்பு அலமாரிக்குப் பின்னால் இருந்த பெட்டியை வெளியே எடுத்து, அலமாரியின் உச்சியில் வைத்தோம். கம்பி இழுத்த அன்று எனக்கு ஒரு பயம். இரண்டு பெட்டிகளுக்கிடையே கம்பி வழியும் காற்று வழியும் சேர்ந்தே இருந்தால், செய்தி ஒன்று இவ்வழியாகப் போய் அவ்வழியாகத் திரும்பி முடிவில்லாமல் சுற்றாதா? சுற்றும், வலையே முடங்கிவிடும். அதைத் தடுக்க ஒரு வழியை மட்டும் திறந்துவைத்து மற்றதைத் தானாக மூடும் முறையை வகுத்தவர் ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1985இல், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றியபோது அவர் அதை உருவாக்கினார். தம் முறையை ஒரு கவிதையாகவும் எழுதி வைத்தார். கணினி வலைகளில் அந்த முறையும் அதன் வழிவந்தவையும் இன்றும் வேலை செய்கின்றன. நம் மாணவியர் அவர் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கிளைக்கதை.

கடைசியாக, முன்கூடத்துப் பெட்டியின் ஒலிபரப்பு வலிமையை ஒரு படி குறைத்தேன். நிறையப் பேர் செய்யத் தயங்குவது இது. வலிமை கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு பெட்டி வீடு முழுவதும் கேட்கும்படி கத்தினால், கருவிகள் அதை விட்டு நகர வேண்டிய அவசியமே நேராது. குறைத்த பிறகு டேப்பின் இடத்தில் அது -73 ஆயிற்று. எல்லையைத் தாண்டிவிட்டதால் டேப்பே தேடத் தொடங்கி, பூட்டு இல்லாமலேயே ஆறடிப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. எனினும் அண்ணனின் மனநிம்மதியைக் கருதி, பூட்டும் போட்டுவிட்டேன்.

அதற்குப் பின் எட்டு மணி பழையபடி எட்டு மணியாயிற்று. டிசம்பரில் ஒரு நாள் மட்டும் மறுபடி அம்மா திரையில் உறைந்து போனார்கள். அந்த வாரம் பின்னறைக்கு வெள்ளையடிப்பதற்காக அம்மாவின் கட்டிலை முன்கூடத்துக்கு மாற்றியிருந்தோம். டேப்பும் கூடவே வந்திருந்தது. தலைக்கு மேலேயே தலைமைப் பெட்டி இருக்க, நான் போட்ட பூட்டை மதித்து அது மூன்று சுவர்களுக்கு அப்பாலுள்ள பின்னறைப் பெட்டியோடு பேசப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. செயலியைத் திறந்து பூட்டை எடுத்தேன். அரை நிமிடத்தில் படம் அசைந்தது. "அறைக்கு என்ன கலர் அடிக்கிறீங்க?" என்று அண்ணன் கேட்டார். அம்மாவுக்கு அது தெரியாது, என்னைப் பார்த்தார்கள்.